குடற்கிருமிகளும் உடற்காவலும்

உண்ணும் உணவும் பருகும் நீரும் இன்றி உயிர் நிலைப்பதில்லை. ஆயின் அவை புகுகின்ற அதே வழியாற் பகையும் புகுதல் உண்டு. நமது உடலைத் தோல் என்னும் மதில் சூழ்ந்து காக்கின்றது. வாய் முதற் குடலீறாகச் செல்லும் வழியோ அம்மதிலில் நாள்தோறும் பலமுறை திறக்கப்படும் வாயிலாகும். நெருப்புக்காய்ச்சல், இரத்தக்கழிசல், வாந்திபேதி என்னும் மூன்று நோய்களும் இவ்வாயிலாற் புகுவன. மூன்றும் பற்றீரியங்களால் விளைவன. மூன்றும் நம் முன்னோரைப் பெரிதும் வருத்தியவை.

இவ்வாயிலிற் காவல் இல்லாமலில்லை. உடலின் காவற்கலங்களுள் மிகப் பெரும் பங்கு குடலைச் சார்ந்தே நிற்கின்றது. அங்ஙனமாயின் சில கிருமிகள் மட்டும் அக்காவலை யாங்ஙனம் கடக்கின்றன? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தெரிந்தால், நம் கிணற்றடியிலும் சமையற்கூடத்திலும் எதனை விடாது செய்யவேண்டும் என்பதும், அஃது ஏன் என்பதும் தாமே தெளிவாகும்.

நம் கரையிற் பிறந்தவர்க்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்நெய்தனிலம், கிழக்கே கடலாலும் மேற்கே வயலாலும் நெருக்கப்பட்டது. சிறு வளவுகள், நெருங்கிய வீடுகள், நீரை விரைந்து உறிஞ்சும் மணற்றரை. தோண்டினாற் சில முழத்திலே நன்னீர் ஊறும். அது பெரும் பேறு. ஆயின் அதே மணலில், அதே வளவில், மலகூடக் குழியும் உண்டு. மேலே வேலி இரண்டு வளவுகளைப் பிரிக்கும். கீழே நிலத்தடி நீரைப் பிரிக்கும் வேலி யாதும் இல்லை.

கலைச்சொற்கள்

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுதல் கூடுமோ என்று ஐயுறுவார் இன்றும் உளர். ஈழநாட்டவர்க்கு அவ்வையம் பொருந்தாது. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நமது அயலூராகிய காரைதீவில் 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1936 இற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை பூண்டவர். ஆதலின் நம் பாடநூல்களில் வழங்கும் சொற்களையே ஈண்டும் வழங்குவாம்.

உயிருடம்பின் மிகச் சிறிய கூறு கலம் எனப்படும். ஒரு கலத்தாலாய நுண்ணங்கி பற்றீரியம். கிருமியின்மேல் உள்ளதாய், அயலானது என்று உடலால் அறியப்படும் பொருள் உடலெதிரியாக்கி. அதனைப் பற்றுதற்கென உடல் ஆக்கும் புரதம் பிறபொருளெதிரி. கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் வெண்குருதிக்கலம் தின்கலம். ஒரு நோய்க்கு உடல் இடங்கொடாது நிற்கும் நிலை நிர்ப்பீடனம். இவ்வைந்தாறு சொற்களும் மனத்திருந்தாற் போதும். எஞ்சியவை தாமே விளங்கும்.

உடலின் காவல்கள்

முதற்காவல் இரைப்பையில் உள்ளது. அங்குச் சுரக்கும் ஐதரோக்குளோரிக்கமிலம் புகுகின்ற கிருமிகளுட் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். வாந்திபேதிக் கிருமி அமிலத்திற்கு அஞ்சுவது; ஆதலின் நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு நோய் உண்டாதற்கு அது கோடிக்கணக்கிற் புகவேண்டும். இரத்தக்கழிசற் கிருமியோ அமிலத்தைத் தாங்கும் வன்மை உடையது. நூற்றுக்குக் குறைந்த கிருமிகளே நோயை விளைக்கப் போதுமானவை. கழுவாத கைவிரல் நுனியில் அத்தொகை தங்குதல் எளிது. வாந்திபேதி பெரும்பாலும் நீராற் பரவுவதும், இரத்தக்கழிசல் கைபட்டே பரவக்கூடியதாய் இருப்பதும் இதனாலேயே என்று உணர்க.

இரண்டாங்காவல் குடலின் உட்புறத்தே படிந்துள்ள சீதம். கிருமி சுவரைத் தொடாதவாறு இது தடுக்கும். இச்சீதத்திற் கிருமிகளைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களும், பிறபொருளெதிரிகளும் கலந்திருக்கும். மேலும், நம் குடலில் இயல்பாக வாழும் எண்ணிறந்த நற்பற்றீரியங்கள் இடத்தையும் உணவையும் முன்னரே கைக்கொண்டிருத்தலால், புதியன வேரூன்றல் அரிது. தேவையின்றி நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை உட்கொள்வோர் இந்நல்ல குடிகளையும் அழித்துப் பகைக்கு இடம் ஒழித்துக் கொடுக்கின்றனர்.

மூன்றாங்காவல் குடற்சுவர். அது ஒற்றைக் கல அடுக்கினால் ஆனது. அதன் இடையிடையே, 1677 இல் யொகான் கொன்ராட் பேயர் என்பார் விவரித்த நிணத்திட்டுக்கள் உள்ளன. அத்திட்டுக்களின் மேலே எம் கலங்கள் எனப்படும் தனிவகைக் கலங்கள் அமைந்துள்ளன. குடலில் உள்ள பொருள்களிற் சிறிது சிறிதாக எடுத்து உள்ளே நிற்கும் காவற்கலங்களுக்குக் காட்டுதலே அவற்றின் தொழில். வருவது யாது என்று அறிதற்கு இஃது இன்றியமையாத ஏற்பாடு. ஆயின் சோதிப்பதற்கெனத் திறந்த இச்சாளரமே பகைவர்க்குப் பாதையும் ஆயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நான்காங்காவல் தின்கலங்கள். 1882 இல் இத்தாலி நாட்டு மெசினா நகரில் உடுமீனின் குடம்பியை ஆராய்ந்த இலியா மெச்சினிக்கோவு, உட்புகுந்த முள்ளைச் சில கலங்கள் சென்று சூழ்வதைக் கண்டு இக்காவலை உலகிற்கு உணர்த்தினார். அதன் பொருட்டு 1908 இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். தின்கலம் எதிரியை எங்ஙனம் அறிகின்றது என்பது நெடுங்காலம் மறைபொருளாய் இருந்தது. கிருமிகளுக்கே உரிய சில பொருள்களை அறியும் வாங்கிகள் நம் கலங்களின்மேல் உள்ளன என்பது பின்னர்ப் புலனாயிற்று. கிருமியின் புறச்சுவரில் உள்ள கொழுப்புவெல்லப் பொருளை ஒரு வாங்கி அறியும். கிருமி நீந்துதற்கு உதவும் சவுக்குமுளையின் புரதத்தை வேறொன்று அறியும். இவ்வாராய்ச்சிகளிற் சிறந்தன 2011 இல் நோபெல் பரிசால் மதிக்கப்பட்டன.

ஐந்தாங்காவல் பிறபொருளெதிரிகளும் அவற்றை ஆக்கும் கலங்களும். இவை முதன்முறை ஆயத்தமாவதற்குப் பல நாள் செல்லும். ஆயின் ஒருமுறை கண்ட பகையை மறவா. மறுமுறை அதே கிருமி வருமாயின் விரைந்து எழும். தடுப்பூசியின் தத்துவமும் இந்நினைவே.

இவற்றைத் தொகுத்து நோக்கின், உடற்காவலின் தொழில் நான்காகும்: பகையை அறிதல், துணையை அழைத்தல், பகையை அழித்தல், அதனை நினைவில் வைத்தல். கிருமி வெல்லவேண்டுமாயின் இந்நான்கனுள் ஒன்றையேனும் கெடுத்தாகவேண்டும். மூன்று நோய்க்கிருமிகளும் மூன்று வேறு வழிகளில் அதனைச் செய்கின்றன.

நெருப்புக்காய்ச்சல்: அறியாமற் செல்லும் பகை

நெருப்புக்காய்ச்சலை விளைக்கும் கிருமியை 1880 இற் கார்ல் எபெர்த்து கண்டார். 1884 இற் காவ்கி அதனைத் தனியே வளர்த்தார். சல்மொனெல்லா தைபி என்பது அதன் பெயர். இவ்வினத்தின் ஏனைய சல்மொனெல்லாக்கள் பழுதடைந்த இறைச்சியாலும் முட்டையாலும் உட்சென்று ஓரிரு நாளில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். காவல் அவற்றை உடனே அறிந்து, பெருங்கலகம் செய்து, பெரும்பாலும் குடலோடு துரத்திவிடும். தைபியோ புகுந்து ஒன்று அல்லது இரண்டு கிழமை வரை யாதோர் அறிகுறியும் காட்டாது. ஒரே குடும்பத்துப் பிறந்த இவ்விரண்டிற்கும் இவ்வளவு வேற்றுமை எங்ஙனம் வந்தது?

தைபிக்கு ஒரு போர்வை உண்டு. வெல்லப்பொருளால் ஆய இவ்வுறையை 1934 இல் பீலிக்சு, பிற்று என்னும் இருவர் கண்டு, நோயின் கொடுமைக்குக் காரணமானது என்னும் கருத்தால் 'விஐ' என்று பெயரிட்டனர். கிருமியின் புறச்சுவரிற் காவலர் அறியக்கூடிய கொழுப்புவெல்லப் பொருளை இப்போர்வை மூடிக்கொள்கின்றது. குருதியில் உள்ள துணைப்புரதங்கள் கிருமியின்மேற் படிவதையும் அது தடுக்கின்றது.

இதனினும் வியத்தற்குரியது போர்வையைப் போர்க்கும் காலம். குடற்குழியில் இருக்கும்போது தைபி சவுக்குமுளையால் நீந்தும். போர்வை அங்கே தேவையில்லை. எம் கலத்தின் வழியாகச் சுவரைக் கடந்து இழையத்துள் நுழைந்தவுடன், உப்புச் செறிவு குறைந்ததை உணர்ந்து, ஒரே கட்டுப்பாட்டுப் புரதம் இரண்டு செயல்களைச் செய்விக்கின்றது: போர்வை ஆக்கப்படும், சவுக்குமுளை ஆக்குதல் நிறுத்தப்படும். காவலர் அறியக்கூடிய இரு அடையாளங்களும் இங்ஙனம் ஒருங்கே மறைகின்றன.

பின்னர்த் தின்கலம் அதனை விழுங்குகின்றது. விழுங்கப்பட்ட கிருமி செரிக்கப்படுதலே இயல்பு. தைபியோ தன்னை அடைத்துள்ள பையின் உள்ளிருந்தே, ஊசி போன்ற ஓர் உறுப்பினால் தன் புரதங்களைத் தின்கலத்தின் முதலுருவுட் செலுத்தி, அப்பையைத் தனக்கு ஏற்ற வீடாக மாற்றிக்கொள்கின்றது. சிறைக்கூடமே குடியிருப்பாகின்றது. தின்கலம் ஓரிடத்தில் நில்லாது நிணநீர் வழியும் குருதி வழியும் உலாவுவது. ஆதலின் கிருமியும் அதனுள் அமர்ந்து ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகிய இடங்களை அடைந்து பெருகுகின்றது. நாள்தோறும் படிப்படியாக ஏறும் காய்ச்சல் தோன்றும்போது, பகைவன் அரணினுள் நெடுநாள் வாழ்ந்துவிட்டான் என்று கொள்க.

இந்நோயின் இன்னுமொரு தீமை பித்தப்பையைச் சார்ந்தது. நோய் நீங்கியோருள் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை கிருமியைத் தம்முள் நெடுங்காலம் தாங்கி நிற்பர். பித்தக்கற்களின்மேல் அடையாய்ப் படிந்து, மருந்தும் பிறபொருளெதிரியும் எட்டாதவாறு கிருமி அங்கே தங்கிவிடும். இத்தகையோர் நோய்காவிகள் எனப்படுவர். அவர்க்கு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, தம்மிடத்துக் கிருமி உண்டென்ற எண்ணமும் இல்லை. நியூயோர்க் நகரிற் சமையற்காரியாய் இருந்த மேரி மாலன் என்பாளின் வரலாறு யாவரும் அறிந்தது. 1907 இல் அவள் நோய்காவி என்பது வெளிப்பட்டது. தான் நலமாய் இருக்கத் தன்னைக் குற்றவாளிபோல் அடைத்தனர் என்றே அவள் எண்ணினாள். 1910 இல் விடுவிக்கப்பட்டு, மீண்டும் சமையல் வேலைக்குச் சென்று, 1915 முதல் 1938 இல் இறக்கும்வரை தனித்து வைக்கப்பட்டாள். அவளிடத்துத் தீயெண்ணம் இருந்ததில்லை. கண்ணுக்குத் தோன்றாத ஒன்றை நம்புதல் அவளுக்கு இயலவில்லை, அவ்வளவே.

இரத்தக்கழிசல்: காவலரைக் கருவியாக்கும் பகை

1897 இல் யப்பானிற் பரவிய கொடிய இரத்தக்கழிசலை ஆராய்ந்து அதன் கிருமியைக் கண்டவர் கியோசி சீகா. அவர் பெயராற் சிகெல்லா என்று இவ்வினம் வழங்குகின்றது. இலங்கைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1903 இற் கொழும்புக்கு வந்து பற்றீரியவியல் ஆராய்ச்சியை நடத்திய இத்தாலிய வைத்தியர் அல்டோ கசுத்தெல்லானி, இங்கே தாம் கண்ட கிருமியொன்றிற்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். இன்று சிகெல்லா சொன்னி என்று அழைக்கப்படும் கிருமி அதுவே.

சிகெல்லா மறைந்து செல்வதில்லை. கலகத்தை விரும்பி அழைப்பது. அதற்குச் சவுக்குமுளை இல்லை. ஆதலின் அவ்வடையாளத்தால் அறியப்படுவதும் இல்லை. குடற்கலங்களின் மேற்புறத்தால் அது புகமாட்டாது, அடிப்புறத்தாலேயே புகவல்லது. சுவரின் மறுபுறத்தை அடைவது எங்ஙனம்? முன்னர்க் கூறிய எம் கலமே அதனை உள்ளே எடுத்துச் சென்று தின்கலத்திடம் கொடுக்கின்றது. தின்கலம் விழுங்குகின்றது. சிகெல்லா உடனே அப்பையை உடைத்து, தின்கலத்தையே கொன்று வெளிவருகின்றது. மடியும் தின்கலம் துணையை அழைக்கும் பொருள்களைச் சொரிகின்றது. அவ்வழைப்பைக் கேட்டு வெண்குருதிக்கலங்கள் குடற்சுவரை நெருக்கிக்கொண்டு விரைகின்றன. அவை வருகின்ற வழியிற் கலங்களின் பிணைப்புத் தளர்கின்றது. அத்தளர்ந்த இடைவெளியால் மேலும் பல சிகெல்லாக்கள் உட்செல்கின்றன. காப்பதற்கு வந்த படையின் வரவே பகைவர்க்கு வாயில் திறந்துவிட்டது.

குடற்கலத்தினுட் புகுந்தபின், கலத்தின் உள்ளே இயல்பாக உள்ள அற்றின் என்னும் புரதத்தைத் தன் பின்புறத்தே வாலாகத் திரட்டி, அதன் உந்தலால் அயற்கலத்தினுள் நேரே பாய்கின்றது. வெளியே தலைகாட்டாமற் கலத்துக்குக் கலம் செல்வதால், புறத்தே நிற்கும் பிறபொருளெதிரி அதனைத் தீண்ட இயலாது. துணையை அழைக்கும் செய்தி கலத்தினுள் எழும்போது, அச்செய்தியை இடையிலே அறுக்கும் புரதங்களையும் ஊசியுறுப்பாற் செலுத்துகின்றது. அழைத்தலைத் தன் நலத்துக்கு வேண்டியபோது எழுப்பியும் வேண்டாதபோது அடக்கியும் ஆள்வது சிகெல்லாவின் சூழ்ச்சி. மலத்திற் காணும் குருதியும் சீதமும் இப்போரில் அழிந்த சுவரின் சிதைவுகளே.

வாந்திபேதி: உடை மாற்றிய பகை

வாந்திபேதிக் கிருமியாகிய விபிரியோ கொலரே சுவரைக் கடப்பதே இல்லை. மேற்பரப்பிலே ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப்பொருளைச் சொரிகின்றது. 1884 இற் கல்கத்தாவில் இக்கிருமியை ஆராய்ந்த இறொபேட்டு கொக்கு, நஞ்சொன்று இருத்தல் வேண்டும் என்று கருதினார். அதனை ஐயந்திரிபற நிறுவியவர் அதே கல்கத்தா நகரத்து வைத்தியர் சம்புநாத் தே. 1959 இல், முயலின் சிறுகுடலிற் கட்டப்பட்ட துண்டொன்றினுள் கிருமிகளை நீக்கிய வடிதிரவத்தைச் செலுத்தி, அதுவே நீர்ப்பெருக்கை உண்டாக்குவதைக் காட்டினார். பெரிய ஆய்வுகூடங்களின் துணையின்றி, எளிய கருவிகளைக் கொண்டு உலகோர் முக்காற்பங்கு நூற்றாண்டாகத் தேடியதைக் கண்ட இப்பேரறிஞரை நம் மாணவர் மறத்தலாகாது.

அந்நஞ்சு குடற்கலத்தின் குளோரைட்டு வாயில்களைத் திறந்தே வைத்துவிடும். உப்பும் அதனைத் தொடர்ந்து நீரும் குடலினுட் பாயும். கடும் நோயில் மணிக்கு ஒரு லீற்றர் வரை வெளியேறும். அப்பெருக்கோடு கோடானுகோடி கிருமிகளும் வெளியேறி அடுத்த கிணற்றைத் தேடும். சுவர் பெரிதும் சிதையாமையால் அழைத்தலும் பெரிதாக நிகழ்வதில்லை. தின்கலங்கள் திரள்வதற்கு முன்னரே கிருமி தன் காரியத்தை முடித்துவிடுகின்றது.

எனினும் பிழைத்தவர்க்கு நினைவு எஞ்சும். கிருமியின் புறச்சுவரில் உள்ள வெல்லப்பொருளை அறிந்த பிறபொருளெதிரிகள் சில ஆண்டுகளுக்குக் காக்கும். வாந்திபேதி அடிக்கடி வரும் நாடுகளில் வளர்ந்தோர் பெரும்பாலும் நிர்ப்பீடனம் பெற்றிருப்பதும், சிறுவரே மிகுதியாக வருந்துவதும் இதனாலாம்.

இந்நினைவையும் வென்ற வரலாறு நம் கடலோரத்திலேயே நிகழ்ந்தது. சுவர் வெல்லத்தின் வேறுபாட்டைக் கொண்டு விபிரியோக்களை வகுத்தோர் 1992 வரை 138 வகுப்புக்களை எண்ணியிருந்தனர். கொள்ளைநோயாகப் பரவுவது முதலாம் வகுப்பு ஒன்றே என்பது அதுவரை இருந்த துணிபு. 1992 ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னையில் வாந்திபேதி பரவியபோது, நோயாளரிடம் எடுத்த கிருமி அறிந்த வகுப்பு எதனோடும் பொருந்தவில்லை. வேலூர், மதுரை ஆகிய நகரங்களிலும், பின்னர்க் கல்கத்தாவிலும் அது தோன்றியது. 1993 இன் தொடக்கத்தில் வங்காளதேசத்தில் 100,000 இற்கும் மேற்பட்டோரைப் பற்றியது. நோயுற்றோருட் பெரும்பாலார் வளர்ந்தோர். முன்னைய நிர்ப்பீடனம் அவர்களைக் காக்கவில்லை. புதிய கிருமிக்கு 139 என்னும் எண் வழங்கப்பட்டது. வங்காள விரிகுடாவின் கரைகளிற் கண்டெடுக்கப்பட்டமையால் 'வங்காளம்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. கல்முனைக் கரையில் மோதுவதும் அவ்விரிகுடாவின் அலையே.

நிகழ்ந்தது இதுதான். நஞ்சு பழைய நஞ்சே. கிருமியின் உள்ளமைப்பும் ஏறக்குறையப் பழையதே. ஆயின் சுவர் வெல்லத்தை ஆக்கும் பரம்பரையலகுத் தொகுதி அகன்று, வேறொரு தொகுதி அவ்விடத்திற் புகுந்துவிட்டது. ஒரு மெல்லுறையும் கூடவே வந்தது. பழைய பகைவன் புத்துடை அணிந்து வர, உடையை மட்டும் நினைவில் வைத்த காவலர் வழிவிட்டனர். இக்கிருமி உலகெங்கும் பரவும் என்று அஞ்சினர். அங்ஙனம் ஆகாது, பின்னாளில் அருகிவிட்டது. எனினும் ஒரு நோயை அறிந்துவிட்டோம் என்று இறுமாத்தல் தகாது என்பதை அவ்வாண்டு கற்பித்தது.

மருந்தும் தடுப்பும்

மனிதன் கண்ட மருந்தும் இப்போரில் ஒரு காவலே. அதனையும் கிருமிகள் ஏய்க்கின்றன. 1948 இல் மலாயாவின் கோலாலம்பூரிற் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்தால் நெருப்புக்காய்ச்சலைத் தீர்க்கலாம் என்பது கண்டறியப்பட்டபோது, இந்நோயின் அச்சம் ஒழிந்தது என்றே பலரும் மகிழ்ந்தனர். 1972 இல் மெச்சிக்கோவிலும் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்கு அடங்காத தைபி பரவியது. 2016 இற் பாகித்தானின் சிந்து மாகாணத்தில் ஐந்து வகை மருந்துகளுக்கு அடங்காத தைபி தோன்றிற்று. வைத்தியர் பத்து நாளுக்குத் தந்த மருந்தை நான்கு நாளில் நிறுத்துவோரும், சாதாரண வயிற்றோட்டத்துக்குக் கடையில் வாங்கி விழுங்குவோரும், தாம் அறியாமலே கிருமிக்குப் போர்ப்பயிற்சி அளிக்கின்றனர்.

மறுபுறம், கிருமியின் சூழ்ச்சியை அறிந்தமையால் அதனையே அதற்கு எதிராகத் திருப்பவும் இயன்றது. தைபி எந்தப் போர்வையால் மறைகின்றதோ அதனைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கினர். வெல்லப்பொருள் மட்டும் இருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அதனை நினைவிற் கொள்வதில்லை. ஆதலின் அதனை ஒரு புரதத்துடன் பிணைத்தனர். ஐதராபாத்தில் ஆக்கப்பட்ட அத்தகைய ஊசிமருந்து 2013 இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. 2018 இல் உலக சுகாதார தாபனம் ஆறு மாதக் குழந்தை முதல் இவ்வகை ஊசியை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. மறைக்கும் போர்வையே காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று.

வாந்திபேதிக்கு இதனினும் எளிய வழி கிடைத்தது. நஞ்சு உப்பை வெளியேற்றும் வாயிலைத் திறந்தாலும், சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உள்ளெடுக்கும் வாயிலை அடைப்பதில்லை. 1971 இல் வங்க அகதிகள் நிறைந்திருந்த பொங்காவ் முகாமில், நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, வைத்தியர் திலீப் மகாலனாபிசு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்துப் பல்லாயிரவரைக் காத்தார். நம் நாட்டில் 'ஜீவனி' என்ற பெயரால் வீடுதோறும் அறியப்பட்டது அக்கரைசலே. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தலாகாது என்று கூறும் மூதாட்டியர் இன்னும் எவ்வூரிலேனும் இருப்பின், அவர்க்கு இதனைப் பணிவோடு எடுத்துரைத்தல் படித்தவர் கடனாகும்.

நம் கரைக்கு வந்த சோதனை

2004 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிரை இழக்கவில்லை. கரையோரக் கிணறுகளில் உவர்நீரும் கழிவும் நிறைந்தன. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் மக்கள் நெருங்கித் தங்கினர். பிணங்களால் வாந்திபேதி பரவும் என்று அஞ்சியோர் பலர். பெருங் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை.

இது தற்செயல் அன்று. வாந்திபேதிக் கிருமி இல்லாத ஊரிற் பிணம் அதனைப் பிறப்பிக்காது. நோய் வருவதற்குக் கிருமியும் வேண்டும், அது மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் வழியும் வேண்டும். அவ்வழியைக் குளோரீன் இட்ட நீரும், தற்காலிக மலகூடங்களும், முகாம்தோறும் சென்று விசாரித்த சுகாதாரப் பணியாளரின் விழிப்பும் அடைத்தன. எயிற்றி நாட்டின் நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிடுக. அங்கே 2010 தை மாதத்தில் நிலநடுக்கம் நேர்ந்தது. வாந்திபேதியோ ஐப்பசியில், வெளிநாட்டிலிருந்து வந்த கிருமி ஆற்றுநீரிற் கலந்தபோதே தோன்றிப் பல்லாயிரவரைக் கொன்றது. அழிவு தானே கொள்ளைநோயை ஈனுவதில்லை; காவாத நீரே ஈனுகின்றது.

இன்று நம் ஊர்களிற் பல வீடுகளுக்குக் குழாய்நீர் வந்துள்ளது. எனினும் கிணற்றை முற்றும் விட்டோமில்லை. கிணறும் மலகூடக் குழியும் இயன்ற அளவு விலகி இருத்தல் வேண்டும். இடமில்லாத வளவிற் குடிநீரைக் கொதிக்கவைத்தல் வேண்டும். கோயில் அன்னதானத்திலும் பள்ளிவாசற் கந்தூரியிலும் நூற்றுக்கணக்கானோருக்கு ஆக்குவோர், தமக்கு நோய் இல்லை என்பதை மட்டும் கொண்டு அமைதியுறுதல் போதாது. நோய்காவிக்கும் நோய் தோன்றாது அன்றோ? பூசைக்கு முன் நீராடுதலும் தொழுகைக்கு முன் வுழூச் செய்தலும் நம் இரு சமூகத்தாரும் தொன்றுதொட்டுப் பேணிவரும் தூய்மைகள். மலகூடம் சென்று வந்தபின்னும் உணவைத் தொடுமுன்னும் சவர்க்காரத்தாற் கைகழுவுதல் அவற்றோடு சேருமாயின், சிகெல்லாவுக்கு வேண்டிய அந்நூறு கிருமிகளும் கையில் நில்லா.

மாணவர் கருதவேண்டியது ஒன்று உண்டு. நெருப்புக்காய்ச்சற் கிருமி மனிதனிடத்தன்றி வேறெவ்விலங்கிடத்தும் வாழ்வதில்லை. காட்டிலோ கடலிலோ அதற்குப் புகலிடம் இல்லை. மனிதன் மலம் மனிதன் வாயை அடையாதவாறு ஓர் ஊர் தடுத்துவிடுமாயின், அவ்வூரில் அதற்கு வாழ்வே இல்லை. உடலின் உள்ளே அறிதல், அழைத்தல், அழித்தல், நினைத்தல் என்னும் நான்கினையும் ஏமாற்றக் கற்ற கிருமிகள், கொதித்த நீரை ஏமாற்றக் கற்கவில்லை. உள்ளிருக்கும் காவல் இயற்கை தந்தது. புறத்தே அமையும் காவல் நாம் ஊராகக் கூடிச் செய்வது. ஒருவர் வளவின் கிணறு அயலார் வளவின் குழியோடு உறவுடையதாதலின், இக்காவலைத் தனித்து ஒருவராற் செய்தல் இயலாது.